காய்ந்த புல்லும் காயாத தண்டும்: சிறு சதுரக் கட்டுகள் கட்டும் வேலை பற்றி

நீங்கள் கேட்டது இது. உங்கள் மகளைக் கொடுத்திருக்கும் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறது. போன ஜூன் மாதம் நீங்கள் அங்கே தங்கியிருந்தபோது, உங்கள் சம்பந்தி புல்லை அறுத்துப் போட்டு, இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகும் கட்டாமல், மூன்றாம் நாள் பிற்பகல் வரை காத்திருந்தார். கையில் அள்ளினால் சலசலவென்று காய்ந்திருந்த புல்லை அவர் ஏன் அப்படிப் போட்டு வைத்தார், ஈரத்தோடு கட்டினால் தீப்பிடிக்கும் என்று அவர் சொன்னது மெய்தானா, அக்கம்பக்கத்தில் பலர் பெரிய உருளைக் கட்டுகளுக்கு மாறிவிட்ட பின்பும் அவர்கள் ஏன் சிறு சதுரக் கட்டுகளையே கட்டுகிறார்கள், வருகிற கோடையில் நீங்களும் கைகொடுக்க நினைத்தால் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதே மாநிலத்தில் ஒரு குடும்பப் பண்ணையில் பல கோடைகள் இந்த வேலையில் உடன் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் சம்பந்தி செய்ததுதான் சரி. கட்டும் இயந்திரம் செய்வது கடைசி அரை நாள் வேலை. அதற்கு முந்தைய மூன்று நாள் காத்திருப்பில்தான் அந்தப் புல் தீவனமாகுமா குப்பையாகுமா என்பது முடிவாகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நாம் போர் போடுவது வைக்கோல். நெல் முற்றி, மணியெல்லாம் பிடித்து, பயிர் தன் ஆயுளை முடித்துக்கொண்ட பிறகு மிஞ்சும் தாள் அது. அதில் சத்து குறைவு. அங்கே அவர்கள் கட்டுவது உலர்புல். திமோத்திப் புல், ஆர்ச்சர்டு புல், குதிரை மசால் (லூசர்ன்), சிவப்புக் குளோவர் போன்ற தீவனப் பயிர்களை, கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்திலோ, குதிரை மசாலாக இருந்தால் மொட்டு விடும் பருவத்திலோ, இன்னும் உயிரும் பசுமையுமாக இருக்கும்போதே அறுத்து, அந்தச் சத்தை அப்படியே நிறுத்தி வைக்கப் பார்க்கிறார்கள். கதிர் முற்றும்வரை விட்டால் கட்டுகளின் எண்ணிக்கை கூடும். ஆனால் தண்டு நாராகிப் புரதம் இறங்கிவிடும். ஆகையால்தான் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், அதாவது அங்கே மழை இன்னும் அடங்காத வேளையில், முதல் அறுப்பை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல புல் வேண்டுமென்றால் கெட்ட வானிலையோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் நிலையான இக்கட்டு.

நிற்கும் புல்லில் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். சிறு சதுரக் கட்டாகக் கட்ட வேண்டுமானால் அது 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 15 முதல் 18 வரை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இதைக் கிலோவில் கணக்கிட்டுப் பார்த்தால்தான் வேலையின் அளவு விளங்கும். 15 சதவீத ஈரமுள்ள ஒரு டன் உலர்புல்லில் 850 கிலோ உலர்பொருள் இருக்கிறது. அதே 850 கிலோ நிற்கும் புல்லில் 4,250 கிலோ எடையாக நின்றது. ஆக ஒவ்வொரு டன் உலர்புல்லுக்கும் மூன்றேகால் டன் நீர் வயலிலிருந்தே காற்றில் போயாக வேண்டும்.

அந்த நீர் ஒரே சீராகப் போவதில்லை. அறுத்த சில மணி நேரம்வரை இலைத்துளைகள் திறந்திருப்பதால் முதல் பங்கு விரைவாகப் போய்விடுகிறது. அதனால்தான் காலையில் அறுத்து, அறுத்ததைக் குவிக்காமல் வயல் முழுவதும் அகலமாகப் பரப்பி விடுகிறார்கள். பிறகு துளைகள் மூடிக்கொள்கின்றன. இலை மெலிது, காய்ந்துவிடும். தண்டோ மெழுகுத்தோல் போர்த்தது, உள்ளே இருக்கும் நீரை எளிதில் விடாது. இதற்காகவே அறுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இரண்டு உருளைகள் வைத்து, தண்டை ஆங்காங்கே நசுக்கி மடித்து விடுகிறார்கள். அறுத்த புல் உடனே சாவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஈரம் 40 சதவீத அளவுக்கு இறங்கும்வரை அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது, தன் சர்க்கரையையே எரித்துக்கொண்டிருக்கிறது. எனவே மெதுவாகக் காயும் புல், மழையே படாவிட்டாலும், சத்தை இழந்தபடிதான் காய்கிறது.

நீங்கள் கையில் அள்ளிப் பார்த்தபோது சலசலத்தது இலை. உங்கள் சம்பந்தி எதிர்பார்த்துக் காத்திருந்தது தண்டு. விடை இவ்வளவுதான் என்று கூடச் சொல்லலாம். அறுத்துக் கிடக்கும் புல்லின் அடியில் கையை விட்டு, மண்ணை ஒட்டிக் கிடக்கும் புல்லை ஒரு பிடி எடுத்து, இரண்டு கையாலும் கயிறு போல முறுக்கிப் பார்க்க வேண்டும். முறுக்கும்போது தண்டுகள் ஒடிந்தால் சரி. ஒடியாமல் வளைந்து கொடுத்தால் இன்னும் நேரமாகவில்லை. தண்டின் கணுவைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறினால் தோல் உரிந்து கசிவு தெரியக் கூடாது. கணுதான் கடைசியாகக் காயும் இடம். இன்னும் திட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பே போதும். வயலில் பல இடங்களிலிருந்து எடுத்த புல்லைத் துண்டாக்கி 100 கிராம் நிறுத்து, புல் கருகாமலிருக்க ஒரு குவளைத் தண்ணீரையும் உள்ளே வைத்து, ஓரிரு நிமிடமாகச் சூடாக்கி எடை பார்த்துக்கொண்டே வந்தால், எடை மேலும் குறையாமல் நிற்கும் கட்டத்தில் 82 கிராம் இருந்தால் ஈரம் 18 சதவீதம். கட்டுக்குள் குத்திப் பார்க்கும் மின்னணு மானிகளும் உண்டு. அவை உதவும், ஆனால் கட்டின் இறுக்கத்தைப் பொறுத்து எண் மாறுவதால் ஒரே குத்தை நம்பக் கூடாது.

இடையில் இன்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அறுத்த மறுநாள் பனி உலர்ந்ததும் டெட்டர் என்னும் கருவியால் புல்லைக் கிளறிப் புரட்டி விடுவார்கள். நாம் களத்தில் நெல்லைக் காலால் துழாவி விடுவதற்கு ஒப்பான வேலை. கட்டுவதற்கு முன் அதை வாரி நீள் வரிசைகளாகச் சேர்ப்பார்கள். குதிரை மசாலைப் பொறுத்தவரை இந்த வாருதலை நண்பகல் வெயிலில் செய்தால் இலை நொறுங்கி மண்ணோடு போய்விடும். அந்தச் செடியின் புரதத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இலையில்தான் இருக்கிறது. வெறும் தண்டைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதில் பயனில்லை. எனவே இலையில் கொஞ்சம் பதம் இருக்கும் காலை வேளையில் வாரி, பனி முற்றிலும் நீங்கிய பிற்பகலில் கட்டி, மாலைப் பனி இறங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார்கள். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம்தான் கட்டுவதற்குத் தோதான நேரம். மூன்றாம் நாள் பிற்பகல் என்று உங்கள் சம்பந்தி குறித்து வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இயந்திரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெருங்கிப் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஒரு மதிப்பு வராமல் போகாது. டிராக்டர் எஞ்சினின் விசையைப் பின்னால் வரும் கருவிக்குக் கடத்தும் சுழல்தண்டுக்கு பி.டி.ஓ. என்று பெயர். அந்தத் தண்டால் இயங்கும் பேலர் என்னும் கட்டும் இயந்திரத்தின் முன்புறக் கம்பிப் பற்கள் வரிசையிலிருந்து புல்லை வாரி எடுத்து ஒரு நீள்பெட்டிக்குள் தள்ளுகின்றன. அந்தப் பெட்டிக்குள் பிளஞ்சர் என்னும் இடிகட்டை நிமிடத்துக்கு 80 தடவை அளவில் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு இடிக்கும் ஒரு ஏடு, அதாவது அழுந்திய புல்லின் ஒரு தட்டை அடுக்கு, சேர்கிறது. இடிகட்டையின் ஓரத்தில் இருக்கும் கத்தி அந்த ஏட்டை அறுத்துப் பிரிக்கிறது. புல்லின் ஓட்டத்தில் உருளும் ஒரு பல்சக்கரம் நீளத்தை அளந்துகொண்டே வருகிறது. குறித்த நீளம் ஆனதும் இரண்டு வளைந்த ஊசிகள் கயிற்றைக் கொண்டு வந்து மேலே கொடுக்க, முடிச்சுப் போடும் அலகு கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, முனையைக் கவ்வி இழுத்து, முடிந்து, அறுத்து விடுகிறது. இத்தனையும் இடிகட்டையின் இரண்டு இடிகளுக்கு இடையில் நடந்து முடிகிறது. இப்படிப்பட்ட முடிச்சுக் கருவியைக் கோதுமைக் கதிர் கட்டும் இயந்திரத்துக்காக 1870களில் செம்மைப்படுத்தியவர் விஸ்கான்சின்காரரான ஜான் ஆப்பிள்பி. வயலில் ஓடியபடியே புல்லை வாரித் தானே கயிறு கட்டும் பேலரைப் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எட்வின் நோல்ட் உருவாக்க, நியூ ஹாலண்ட் நிறுவனம் அதை 1940 முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய பேலர்களும் அடிப்படையில் அதே முறையில்தான் இயங்குகின்றன.

வெளியே வரும் கட்டு 14 அங்குல உயரம், 18 அங்குல அகலம், சுமார் 36 அங்குல நீளம் கொண்டது. 18 முதல் 27 கிலோ எடை இருக்கும். கயிறு கற்றாழை நாரில் திரித்ததாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். பிளாஸ்டிக் கயிறு மக்காது. மாட்டின் வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் தங்கிவிடும். ஆகவே கட்டைப் பிரிக்கும்போது கயிற்றை ஒன்று விடாமல் எண்ணி எடுத்துவிடும் பழக்கம் வேண்டும்.

இனித் தீயைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். அது மெய். நம் ஊரில் மழையில் நனைந்த வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே வெந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வதும் இதே செய்கையைத்தான். ஈரம் மிஞ்சிய புல்லைக் கட்டி நெருக்கமாக அடுக்கினால், இன்னும் முழுவதும் அடங்காத செல்களும், அவற்றோடு பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தச் சர்க்கரையைத் தின்று வெப்பத்தை வெளியிடுகின்றன. 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் முதல் வாரத்தில் ஓரளவு சூடு ஏறித் தணிவது வழக்கம்; அதனால் கேடில்லை. ஈரம் கூடுதலாக இருந்தால் தணியாமல் ஏறும். உலர்புல்லே நல்ல வெப்பக் காப்பு என்பதால் நடுவில் பிறந்த சூடு வெளியே போக வழியில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் நுண்ணுயிர்களே அந்தச் சூட்டில் செத்துவிடும். ஆனால் அதற்குள் வேதிவினைகள் தொடங்கிவிட்டிருக்கும், அவை தாமே வெப்பத்தை ஏற்றிக்கொண்டு போகும். தீயாகாமல் தப்பினாலும் புல் பழுப்பேறி, கருகிய வெல்லம்போலவும் புகையிலைபோலவும் மணக்கும். மாடுகள் அதை விரும்பித் தின்னும். ஆனால் புரதம் சர்க்கரையோடு பிணைந்துவிட்டதால் அதில் பெரும்பங்கு உடம்பில் ஒட்டாது.

அடுக்கிய பின் இரண்டு முதல் ஆறு வாரம்வரை இந்த ஆபத்து இருக்கிறது. அந்த நாட்களில் முனை கூரான நீண்ட இரும்புக் குழாயை அடுக்கின் நடுவில் செருகி, அதனுள் வெப்பமானியைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். 65 டிகிரி செல்சியசைத் தொட்டால் நாள்தோறும் பார்க்க வேண்டும். 70ஐத் தாண்டினால் சில மணிக்கொரு முறை. 80 என்றால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுவிட வேண்டும். அப்போது பதற்றத்தில் அடுக்கைப் பிரிக்கக் கூடாது. உள்ளே காற்றில்லாமல் கனன்றுகொண்டிருப்பது காற்றுப் பட்டதும் எரியத் தொடங்கும். தண்ணீர்க் குழாயோடு ஆட்கள் நிற்கும்போதுதான் பிரிக்க வேண்டும். சூடேறிய அடுக்கின்மேல் ஏறி நடப்பதும் உயிருக்கு ஆபத்து, ஏனெனில் அடியில் எரிந்து குழியாகியிருக்கும் இடம் மேலே இருந்து தெரியாது.

நான் உதவிய பண்ணையில் ஒரு வருடம், வயலின் வடக்கு எல்லையில் ஓக் மரங்களின் நிழல் விழும் கடைசி இரண்டு வரிசைகளை, மழை வருகிறது என்ற அவசரத்தில் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டோம். தூக்கும்போதே கை சொல்லிவிட்டது. ஒரே அளவுக் கட்டு, மற்றவற்றைவிட ஐந்தாறு கிலோ கனம். அந்த வீட்டுப் பெரியவர் அவற்றில் ஒன்றைக்கூடப் பரணுக்கு ஏற்ற விடவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுகளைக் கொட்டகைக்கு வெளியே ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுச் செங்குத்தாக நிறுத்தினோம். நான்காம் நாள் ஒன்றின் கயிற்றை அறுத்துக் கையை விட்டபோது, சோற்றுப் பானைக்குள் கைவிட்டது போலச் சுட்டது. அந்த நாற்பதும் பரணில் நெருக்கமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. உங்கள் சம்பந்தி கட்டாமல் காத்திருந்த அந்த மூன்றாம் நாளில் எதைக் காத்தார் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஈரம் 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கையில் புரோப்பியானிக் அமிலம் தெளித்துக் கட்டும் முறை ஒன்று உண்டு. அது பூஞ்சையை அடக்கும், மழைக்கு முன் தப்பிக்க உதவும். அதற்கு மேல் ஈரமுள்ள புல்லுக்கு அதை நம்பி இறங்கக் கூடாது. அடுக்கும்போது இடையிடையே உப்புத் தூவும் பழைய வழக்கத்தையும் சில வீடுகளில் காணலாம். மாடுகள் விரும்பும் என்பதைத் தவிர, சூட்டைத் தடுக்க அதையே துணையாகக் கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

பரணில் அடுக்குவது கொத்தனார் வேலையைப் போன்றது. அடிவரிசைக் கட்டுகளை அறுபட்ட பக்கம் மேலே பார்க்கும்படி ஒருக்களித்து வைப்பார்கள். அப்போது கயிறு பக்கவாட்டில் அமைவதால் தரை ஈரத்தில் மக்காது, உள்ளிருக்கும் ஆவியும் தண்டு முனைகள் வழியே வெளியேறும். அடுத்த வரிசைகளைச் செங்கல் போல மூட்டு மாற்றி அடுக்கினால்தான் சுவர் சரியாமல் நிற்கும். சிமென்ட் தரையாக இருந்தால் அடியில் மரச்சட்டங்கள் போடாமல் அடுக்கக் கூடாது.

சிறு கட்டுகளையே ஏன் இன்னும் கட்டுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. அயோவாவைச் சேர்ந்த கேரி வெர்மீரின் நிறுவனம் 1971இல் பெரிய உருளைக் கட்டு பேலரைக் கொண்டுவந்த பிறகு, ஒருவரே டிராக்டரில் உட்கார்ந்தபடி ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலையாக இது மாறிவிட்டது. சிறு கட்டுகளின் பாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். 550 கிலோ எடையுள்ள பசு ஒன்று நாளுக்கு 14 கிலோ உலர்புல் தின்னும் என்று வைத்தால், 150 நாள் குளிர்காலத்துக்கு 2,100 கிலோ. கட்டு ஒன்று 22 கிலோ என்றால் ஏறத்தாழ 95 கட்டு. இருபது பசுக்களுக்குச் சேதாரம் சேர்த்து 2,000 கட்டுகள். ஒவ்வொரு கட்டும் வயலில் வண்டிக்கு, வண்டியிலிருந்து ஏற்றும் பட்டைக்கு, பட்டையிலிருந்து அடுக்குக்கு, அடுக்கிலிருந்து தீவனத் தொட்டிக்கு என்று நான்கு முறையாவது மனிதக் கையில் ஏறி இறங்குகிறது. 44 டன்னை நான்கு முறை தூக்குவது என்றால் அது வீட்டில் உள்ள அத்தனை பேரின் முதுகையும் கேட்கும் வேலை.

ஆனாலும் காரணங்கள் இருக்கின்றன. அந்த ஊர்ப் பழைய கொட்டகைகளின் மேல்தளப் பரண் சிறு கட்டுக்கென்றே கட்டப்பட்டது; 500 கிலோ உருளையை அங்கே ஏற்ற முடியாது. வெளியில் விட்ட உருளைக் கட்டின் மேற்பரப்பு மழையில் வீணாகும். பரணில் உள்ள சிறு கட்டு இரண்டு வருடம் கழித்தும் உள்ளே பச்சை மாறாமல் இருக்கும். கன்றுகளுக்கும், ஈன்ற பசுவுக்கும், நோயுற்ற மாட்டுக்கும் ஏடு எண்ணிப் போடலாம். 12 முதல் 18 ஏடு கொண்ட கட்டில் எத்தனை ஏடு மிச்சம் வைத்தது என்பதே அந்த மாட்டின் உடல்நிலையைச் சொல்லிவிடும். குதிரை வளர்ப்போர் சிறு கட்டுக்கு நல்ல விலை கொடுக்கிறார்கள். மந்தை பெரிதாகி ஐம்பது, அறுபதைத் தாண்டினால் நானும் உருளைக்கே மாறச் சொல்வேன். இருபது பசுவும் ஒரு நல்ல பரணும் உள்ள வீட்டில் சிறு கட்டை விடச் சொல்ல எனக்கு மனம் வராது.

நீங்கள் கைகொடுக்கப் போவதானால் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் தோல் கையுறையும் கட்டாயம்; காய்ந்த தண்டு முழங்கையை ரத்தம் வர உரசும். கட்டைக் கையால் மட்டும் இழுக்காமல், இரண்டு கயிற்றையும் பிடித்து, முழங்காலால் உந்தி எழுப்பினால் இடுப்புக்கு நோவு வராது. பரணுக்குள் கூரைத் தகட்டின் கீழ் வெப்பம் கடுமையாக இருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கட்டைப் பிரிக்க நேர்ந்தால் முகக்கவசம் இல்லாமல் பிரிக்காதீர்கள். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு உழவர் நுரையீரல் என்று அந்நாட்டவர் அழைக்கும் ஒவ்வாமை நோய் வருகிறது, முற்றினால் நுரையீரல் தழும்பேறிவிடும். பேலரில் புல் அடைத்துக்கொண்டால் டிராக்டரின் எஞ்சினை நிறுத்தி, கனச்சக்கரம் சுற்றி ஓய்ந்து நின்றதைக் கண்ணால் பார்த்த பின்பே கிட்டே போக வேண்டும்; இதில் விதிவிலக்கே கிடையாது. பி.டி.ஓ. தண்டின் அருகில் முந்தானையோ துப்பட்டாவோ அவிழ்ந்த கூந்தலோ போகக் கூடாது என்பதை வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். முதல் நாள் உங்களை வண்டியின்மேல் நிறுத்தாமல், பரணில் அடிவரிசை வைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கனமான கட்டு ஒன்று கைக்கு வந்தால், அது யார் கண்ணுக்குத் தப்பியிருந்தாலும், அதை அடுக்காமல் ஓரமாக வைத்துவிட்டுச் சம்பந்தியைக் கூப்பிடுங்கள்.